தென்னமரமும் செம்பனையும்

கோலசிலாங்கூர் வட்டாரத்தில், பாத்தாங் பெர்ஜுந்தை என முன்னர் வழங்கிய பெஸ்தாரி ஜெயாவை அடுத்துத் 'தென்னமரம்' என்றொரு தோட்டம் உண்டு. பெயரில் தென்னை இருப்பினும், அதற்கு வரலாற்றில் இடம் தேடித் தந்தது செம்பனையாகும். மலாயாவில் வாணிக நோக்குடன் செம்பனை முதன்முதல் நடப்பெற்றது இங்கேதான், ஆண்டு 1917.

இதற்கு வழிகோலியவர் ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். பெல்ஜியரான அட்ரியன் ஹாலே சுமத்திராவில் வளர்த்த செம்பனையைக் கண்ட அவர், விதை கொணர்ந்து 1911-12இல் ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தில் நட்டார். பின்னர், காப்பி பொய்த்துப்போன தென்னமரத்து நிலத்தில் அது தோட்டப் பயிராயிற்று. ஊரெங்கும் ரப்பர் என்றிருந்த காலத்தில் மற்றொரு பயிரையும் நாடியது முன்னறிவே.

ஒரே பயிரை நம்புவதன் கேட்டை 1929இல் தோன்றிய உலகப் பொருளாதார மந்தம் காட்டிற்று. ரப்பர் விலை வீழ்ந்தது. ஆள் கட்டுவது நின்றது. 1932க்குள் லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் தாயகத்துக்குக் கப்பலேற்றப்பட்டனர். போருக்குப் பின் செயற்கை ரப்பரும் போட்டிக்கு வந்தது. 1960ஆம் ஆண்டுகள் முதல் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. கம்பெனிகள் பிழைத்தன. ஆனால் பால்மரத்துக்கு விடியல்தோறும் ஆள் வேண்டும். செம்பனைக் குலையையோ பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும். எனவே தேவைப்பட்ட கைகள் குறைந்தன.

எண்ணெயை வாங்கிச் சவர்க்காரமும் மார்ஜரினும் செய்த யூனிலீவர் போன்ற பன்னாட்டு நிறுவனமும் இவ்வரலாற்றில் பங்குடையது. ஆப்பிரிக்க மரமாகிய செம்பனைக்கு, அதன் தாயகத்தில் துணைநின்ற பூச்சி இங்கில்லை. தொழிலாளரே பெண்பூவில் மகரந்தப் பொடி தூவி வந்தனர். யூனிலீவர் தோட்டப் பிரிவின் லெஸ்லி டேவிட்சன் தூண்ட, பூச்சியியலறிஞர் ரஹ்மான் சையத் கேமரூனில் ஆராய்ந்து கூன்வண்டைக் கண்டறிந்தார். 1981இல் அது ஜொகூர் குளுவாங்கில் விடப்பட்டது. காய்ப்புப் பெருகிற்று, பொடி தூவும் வேலை மறைந்தது.

2004இல் யூனிலீவர், உலக இயற்கை நிதியம் முதலியன கூடி, நீடித்த செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பைத் தோற்றுவித்தன. காடு, நீர் ஆகியவற்றின் காப்போடு தொழிலாளர் உரிமையும் அதன் நெறிகளுள் இடம்பெற்றது. இது வரவேற்கத் தக்கதே. எனினும், நிறுவனத்தின் நிலைபேறு வேறு, அதனைத் தோளில் சுமந்த மக்களின் நிலைபேறு வேறு என்பதை நூறாண்டு வரலாறு உணர்த்துகின்றது. பயிர் மாறியபோது நிலம் கம்பெனியிடமே இருந்தது. லயத்தில் பிறந்து வளர்ந்தோர்க்கோ சொந்த மனை இல்லை. வேலை குறைந்ததும், நிலம் வீட்டுமனையானதும், அவர்கள் நகரப் புறங்களுக்குப் பெயர்ந்தனர்.

ஆசிரியப் பெருமக்கள் 1917ஐ மாணவர்க்குச் சொல்லித்தருக. அத்துடன், தோட்டத் தொழிலின் நிலைபேற்றை அளக்க வருவோர் எண்ணெய்க் கணக்கோடு தோட்டப் பள்ளியின் வருகைப் பதிவேட்டையும் புரட்டுதல் வேண்டும் என்பதையும் சொல்லுக.