பட்டறையில் பிறந்த விமானங்கள்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் சாலைகளுள் ஒன்று, கோபாலபுரம் என்னும் எல்லையூரில் தமிழ்நாட்டைக் கடந்து கேரளத்துள் நுழைகின்றது. எல்லைக் கோட்டுக்கு இருபுறமும் தமிழ் வழங்குகின்றது. இருபுறமும் தென்னந்தோப்புகள் உண்டு. தோப்புகளுக்கு நீர் இறைக்கும் பம்புகள் உண்டு. அவற்றின் மோட்டார்களைப் பிரித்துச் சீர்செய்யும் பட்டறைகளும் உண்டு. இங்கிருந்து தெற்கே மலைத் தொடரைப் பற்றிச் சென்றால் இடுக்கி மாவட்டம் வருகின்றது. அங்கும் தேயிலைத் தோட்டங்களிலும் ஏலத் தோட்டங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன.

அந்த இடுக்கி மாவட்டத்துத் தொடுபுழைப் பகுதியைச் சேர்ந்தவர் சஜி தாமஸ். பிறவியிலேயே செவிப்புலனும் பேச்சும் அமையாதவர். ஏழாம் வகுப்புடன் அவரது பள்ளிக் கல்வி நின்றுவிட்டது. இரப்பர்த் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டர்களை இளமையிற் கண்டு, பறக்கும் பொறிகளின்மேல் தீராத ஆவல் கொண்டார். அவர் முன்னர்ச் செய்த முயற்சி வானேறவில்லை. மீண்டும் பல ஆண்டுகள் உழைத்து, மிக இலேசான சிறு விமானம் ஒன்றைத் தம் கையாலேயே கட்டி முடித்தார். 2014ஆம் ஆண்டில் அது திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாற்றில் சோதித்துப் பார்க்கப்பட்டது. விமானப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர் அதனை ஓட்டினார். மலையாள நாட்டுப் பட்டறையில் உருவான அவ்விமானம் தமிழ் மண்ணிலிருந்து எழும்பிப் பறந்தது. 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ‘விமானம்’ என்னும் மலையாளத் திரைப்படத்துக்கு அவரது வாழ்க்கையே தூண்டுதலாயிற்று.

இச்செய்தியைக் கேட்போர் பெரும்பாலும் இறக்கையையும் சுழல்விசிறியையுமே மனக்கண்ணால் காண்பர். அவை கண்ணுக்குத் தெரியும் உறுப்புகள். ஆனால் விமானத்தின் உயிர், கண்ணுக்கு எளிதில் தெரியாத இரண்டு மெல்லிய வழிகளில் ஓடுகின்றது. ஒன்று, கலத்திலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் செல்லும் குழாய். மற்றொன்று, அந்தப் பெட்ரோலைப் பற்றவைக்கும் மின்பொறி செல்லும் கம்பி. சாலையில் இவற்றுள் ஒன்று தடைப்பட்டால் வண்டி நிற்கும். நாம் இறங்கித் தள்ளுவோம். வானத்தில் இறங்கித் தள்ளுவதற்கு இடமில்லை. ஆகவே, வீட்டிற் கட்டிய விமானங்களின் வரலாறு பெரும்பகுதி இவ்விரு வழிகளின் வரலாறே ஆகும்.

அவ்வரலாறு சைக்கிள் கடையில் தொடங்குகின்றது. ரைட் சகோதரர்கள் 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் பறந்தபோது, அவர்களுடைய எஞ்சின் ஏறத்தாழ 12 குதிரைத் திறன் உடையது. அதனைச் செய்தவர் அவர்கள் கடையின் இயந்திரத் தொழிலாளியாகிய சார்லி டெய்லர். அதில் பெட்ரோல் பம்பு இல்லை. உயரத்தில் கட்டிய சிறு கலத்திலிருந்து, நீர் தானே பள்ளத்துக்கு ஓடுவதுபோல, பெட்ரோல் தன் எடையால் இறங்கி வந்தது. எஞ்சினைக் கிளப்புவதற்குப் பாட்டரி உதவிற்று. ஆனால் அது தரையிலேயே விடப்பட்டது. பறக்கும்போது மின்பொறியை அளித்தது, எஞ்சின் சுழலும்போது தானும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும் ‘மாக்னீட்டோ’ என்னும் காந்தக் கருவி. முதற்பறப்பு 12 விநாடிகளே நீடித்தது. எனினும் அவ்வெளிய அமைப்பில் ஒரு பெரிய நெறி பொதிந்திருந்தது: பழுதாகக்கூடிய உறுப்புகள் எத்தனை குறைகின்றனவோ, அத்தனைக்கு ஆபத்தும் குறைகின்றது.

ஏழாண்டுகளுக்குள் இவ்வார்வம் சென்னையை எட்டியது. 1909ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் பிளேரியோ என்னும் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். அச்செய்தி மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ் என்பவரின் உள்ளத்தைக் கவர்ந்தது. அவர் விமானம் ஒன்றைத் தாமே வரைந்தார். அதனைக் கட்டிக் கொடுத்தவர்கள், குதிரை வண்டிகளும் மோட்டார் வண்டிகளும் செய்து பெயர் பெற்ற சிம்ப்ஸன் கம்பெனியார். சிறிய எஞ்சின் பொருத்தப்பெற்ற அவ்விமானம் பல்லாவரத்தில் சோதிக்கப்பட்டது. 1910ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பொதுமக்களுக்கும் காட்டப்பட்டது. அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஹென்றி பெக்கே விமானத்தில் தபால் கொண்டுசென்றது 1911ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள். அதற்கும் ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்னரே, சென்னையில் ஒரு ஹோட்டல்காரரும் வண்டிப் பட்டறைத் தொழிலாளரும் சேர்ந்து விமானம் செய்துவிட்டனர் என்பது நாம் நினைவிற் கொள்ளத் தக்கது.

வண்டி செய்த கை விமானம் செய்தது இயல்பே. எனினும் வண்டிக்கும் விமானத்துக்கும் இடையே உள்ள வேற்றுமையையும் உணர்தல் வேண்டும். மோட்டார் வண்டியின் உடல் இரும்பு. ஆகவே பாட்டரியின் ஒரு முனையை அவ்வுடலோடு இணைத்துவிட்டால், மின்சாரம் திரும்பிவர அதுவே வழியாகின்றது. மரமும் துணியும் கொண்டு கட்டிய விமானத்துக்கு அவ்வசதி இல்லை. ஒவ்வொரு விளக்குக்கும் கருவிக்கும் போகும் கம்பி ஒன்று, திரும்பும் கம்பி ஒன்று என இரண்டு வேண்டும். அத்துடன் எஞ்சினின் அதிர்ச்சி ஓயாது. ஈயம் பற்றவைத்த இணைப்பில், ஈயம் முடியும் இடத்தில் கம்பி விறைத்து நிற்கும். அதிர்ச்சியால் அவ்விடத்திலேயே அது முறியும். இதனால்தான் விமானத்தில் பல இழைகள் கொண்ட கம்பியைப் பயன்படுத்தி, அதன் முனையை உலோகக் குப்பிக்குள் செலுத்தி, அதற்கென அமைந்த கருவியால் நசுக்கி இறுக்குகின்றனர். பெட்ரோல் குழாயும் மின்கம்பியும் ஒன்றையொன்று கடக்க நேர்ந்தால், கம்பி மேலேயும் குழாய் கீழேயும் இருத்தல் வேண்டும். குழாய் கசிந்தாலும் சொட்டு கம்பியின்மேல் விழாது.

மாக்னீட்டோவைப் பற்றியும் ஒரு சொல். வீட்டு விளக்கின் சுவிட்சை அணைத்தால் மின்சாரம் வருவது அறுபடுகின்றது. மாக்னீட்டோவின் சுவிட்சோ நேர்மாறாக வேலை செய்கின்றது. அணைக்கும்போது, உண்டாகும் மின்சாரத்தைப் பொறிக்குச் செல்லவிடாமல் எஞ்சினின் உடலுக்குத் திருப்பிவிடுகின்றது. அவ்வாறு திருப்பும் கம்பி அறுந்துபோயிருந்தால், சுவிட்சு அணைந்திருப்பதாகக் காட்டும், எஞ்சினோ உயிரோடிருக்கும். அந்நிலையில் சுழல்விசிறியைக் கையால் சற்றே திருப்பினாலும் அது சடக்கெனச் சுழன்று தாக்கக்கூடும். தேர்ந்தவர்கள் நின்றுள்ள விமானத்தின் சுழல்விசிறியையும் சுழலக்கூடியதாகவே கருதி விலகி நிற்பதன் காரணம் இதுவே. மாக்னீட்டோக்களை இரண்டிரண்டாக வைக்கும் வழக்கமும் பின்னர் நிலைபெற்றது. 1989ஆம் ஆண்டில் வெளிவந்த ஆஸ்திரிய நாட்டு ‘ரோட்டாக்ஸ் 912’ எஞ்சின் உலகெங்கும் சிறு விமானங்களில் பயன்படுகின்றது. அதிலும் மின்பொறிக்கு இரண்டு தனித்தனி வழிகள் உண்டு. பாட்டரி செத்தாலும் அவை சாவதில்லை.

இனிப் பெட்ரோலின் வழியைக் காண்போம். எண்ணெய் டின்னில் ஒரே துளையிட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் விக்கி விக்கி ஊற்றும், பின்பு நிற்கும். மற்றொரு துளை இட்டால் தடையின்றி ஓடும். விமானத்தின் பெட்ரோல் கலத்துக்கும் காற்று நுழையும் துளை அவ்வாறே இன்றியமையாதது. ஒரு குளவி அத்துளையில் மண்கூடு கட்டிவிட்டால், கலம் நிறையப் பெட்ரோல் இருந்தும் எஞ்சின் பட்டினி கிடக்கும். பாதி நிரம்பிய கலத்தில் இரவுக் குளிரால் ஈரம் நீர்த்துளியாகி அடியில் தங்கும். ஆகவே ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் அடியிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் வடித்து, நீர் உண்டா என்று பார்ப்பது விதி. நம் நாட்டு வெயிலில் இன்னொரு தொல்லையும் உண்டு. சூடான புகைக்குழாய்க்கு அருகே பெட்ரோல் குழாய் சென்றால், பெட்ரோல் ஆவியாகிக் குமிழியாக நின்று வழியை அடைக்கும். இப்போது இந்தியாவில் மோட்டார் வண்டிகளுக்கு விற்கப்படும் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு வரை கலக்கப்படுகின்றது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். சிலவகை இரப்பர்க் குழாய்களை அரிக்கும். அப்பெட்ரோலைச் சிறு விமானத்தில் ஊற்றுமுன், எஞ்சின் செய்தோர் அதற்கு இசைவு தந்துள்ளனரா என்று அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

இவையெல்லாம் சிறு விவரங்கள் என்று தள்ளுவோர்க்கு 1997ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று விடையாகும். ஜான் டென்வர் அமெரிக்காவின் புகழ்பெற்ற பாடகர். தனி ஒருவர் தம் கையால் கட்டிய ‘லாங் ஈஸி’ என்னும் சிறு விமானத்தை அவர் விலைக்கு வாங்கினார். ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்துக்குப் பெட்ரோலை மாற்றும் திருகு, வரைந்தவரின் திட்டப்படி விமானியின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்திருக்க வேண்டும். கட்டியவர் அதனை விமானியின் இடத்தோளுக்குப் பின்னால் அமைத்துவிட்டார். அக்டோபர் 12ஆம் நாள் கலிபோர்னியக் கடற்கரைக்கு மேலே பறந்தபோது விமானம் கடலில் வீழ்ந்தது, டென்வர் உயிரிழந்தார். திருகைத் திருப்ப முயன்றபோது கவனம் சிதறி விமானம் கட்டுமீறியதே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. திருகு இருந்த இடம், அதில் குறியீடு இல்லாமை, புறப்படுமுன் பெட்ரோலைச் சரிவரப் பாராமை, புதிய விமானத்தில் போதிய பயிற்சி இல்லாமை ஆகியவற்றையும் அது எடுத்துக் காட்டிற்று. இறக்கை முறியவில்லை, ஒரு திருகு இடம் மாறியிருந்தது, அவ்வளவே.

தம் வேலையில் உள்ள குறை தம் கண்ணுக்குத் தெரியாமற் போவது மனித இயல்பு. பிறர் கண் வேண்டும். அமெரிக்காவில் 1953ஆம் ஆண்டு பால் பொபரெஸ்னி என்பவர், தாமே விமானம் கட்டுவோருக்காக ஒரு சங்கம் நிறுவினார். உறுப்பினர் ஒருவர் வேலையை மற்றொருவர் வந்து பார்க்கும் பழக்கம் அங்கே வளர்ந்தது. அரசும் அத்தகைய விமானங்களுக்கு ஒரு தனி வகை வகுத்தது. பெரும்பகுதி வேலையைக் கட்டுவோர் தாமே செய்திருக்க வேண்டும். அதிகாரி பார்வையிட வேண்டும். தொடக்கத்தில் குறிப்பிட்ட மணிநேரம் குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டுமே பறக்க வேண்டும்.

நம் நாட்டிலோ இவ்வழி கரடுமுரடாகவே இருந்து வந்துள்ளது. மும்பை நகரத்து விமானி அமோல் யாதவ் தம் வீட்டு மொட்டை மாடியில் விமானம் கட்டினார். அது 2016ஆம் ஆண்டில் மும்பைக் கண்காட்சியில் மக்களுக்குக் காட்டப்பட்டது; 2017இல் பதிவு பெற்றது; பறந்து சோதிப்பதற்கான அனுமதி 2019இல்தான் கிடைத்தது. படித்த விமானிக்கே இத்துணைக் காலம் ஆயிற்றென்றால், ஏழாம் வகுப்போடு நின்ற பட்டறைத் தொழிலாளியின் நிலையை நாம் எண்ணிப் பார்க்கலாம். சஜி தாமஸுக்கு வாய்த்த பெரும்பேறு, அனுபவம் மிக்க விமானி ஒருவர் அவரது வேலையை மதித்து அருகில் நின்றமையே. அனுமதி தேவையில்லை என்பது இதன் கருத்தன்று. பார்வையிடுதல் இல்லாத விமானம் கட்டியவர்க்கும் கீழே நடப்பவர்க்கும் ஆபத்து. ஆனால் பார்வையிடும் கண், வேலை முடிந்தபின் தடுப்பதற்காக மட்டும் வாராமல், குழாய் வளைக்கும் நாளிலும் கம்பி இழுக்கும் நாளிலும் வழிகாட்டியாக வருமானால், திறமையும் வீண்போகாது, உயிரும் வீண்போகாது.

பாலக்காட்டிலும் இடுக்கியிலும், பெங்களூரிலும் மும்பையிலும், தமிழ் இளைஞர் பலர் இன்றும் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியே வாழ்க்கை நடத்துகின்றனர். அவர்களுள் எவரேனும் ஒருவர் ஒருநாள் தாமும் ஒரு விமானம் கட்ட எண்ணலாம். அவர் எஞ்சினின் விலையை விசாரிக்குமுன், தம் வேலையைப் பிரித்துப் பார்த்துக் குறை சொல்லத் தகுந்த ஒருவரைத் தேடிக்கொள்வாராக. அத்தகையவர் ஒருவர் கிடைத்த பின்னர், பெட்ரோல் குழாயிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் தம் வேலையைத் தொடங்குவாராக.