ஹார்வியின் குறைமதிப்பு: ஒன்பதாம் இயலை மீண்டும் வாசித்தல்

ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் குருதியளவை நிமிடத் துடிப்பால் பெருக்கினால் இதய வெளியீடு கிடைக்கும். உடலியங்கியலின் இந்தப் பாலபாடத்தை வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட ‘டி மோட்டு கார்டிஸ்’ நூலின் ஒன்பதாம் இயலில் குருதிச் சுழற்சிக்கான ஒரு வாதமாகவே நிறுத்தினார். அந்த எண்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று ஓர் ஆய்வு மரபு நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. அவர் எதையும் அளக்கவில்லை, துடிப்பைக்கூடச் சரியாக எண்ணவில்லை, கட்டுப்போடும் சோதனையும் நாள வால்வுகளுமே உண்மைச் சான்றுகள், எண்கள் வெறும் அலங்காரம் என்பது அம்மரபின் முடிவு. இயலின் வரிசையைப் பின்பற்றி வாசித்தால் இம்முடிவு நிற்காது எனக் கருதுகிறேன்.

இறந்த உடல் ஒன்றின் இடது கீழறையில் இரண்டு அவுன்சுக்கு மேல் குருதி இருக்கக் கண்டதாக ஹார்வி எழுதுகிறார். அதில் கால் பங்கோ, ஆறில் ஒரு பங்கோ, எட்டில் ஒரு பங்கோதான் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்ளச் சொல்லி, அரை அவுன்ஸ், மூன்று டிராம், கடைசியில் ஒரே டிராம் என்று இறங்குகிறார். துடிப்பிலும் இதே போக்குதான். அரைமணி நேரத்தில் ஆயிரத்துக்கு மேல் என்று தொடங்கி, சிலருக்கு இரண்டாயிரம், மூவாயிரம், நாலாயிரம்கூட உண்டு என்று அவரே சேர்க்கிறார். நாடி பார்த்துப் பழகிய மருத்துவருக்கு உண்மை எண்ணிக்கை தெரியாமலில்லை. தெரிந்தே கீழெல்லையை எடுத்துப் பெருக்குகிறார்.

அப்படிக் கிடைக்கும் ஆயிரம் டிராம், அதாவது 125 அவுன்ஸ், ஏறத்தாழ 3.9 கிலோ. இன்றைய கணக்கில் துடிப்புக்கு 70 மி.லி., நிமிடத்துக்கு 70 துடிப்பு எனக் கொண்டால் அரைமணியில் 147 லிட்டர் வரும். ஹார்வியின் கீழெல்லை அதில் நாற்பதில் ஒரு பங்குதான். வளர்ந்தவர் உடலிலுள்ள சுமார் 5 லிட்டர் குருதியைக்கூட அது எட்டவில்லை. மறுப்பாளர்கள் வெற்றியுடன் சுட்டும் இடம் இது. கணக்கை ஏற்கிறேன், அதிலிருந்து அவர்கள் பெறும் முடிவை ஏற்க இயலாது.

காரணம், செம்மறியாடு பற்றிய பகுதி. ஆட்டுக்கோ நாய்க்கோ துடிப்புக்கு டிராமிலும் சிறிய அளவான ஒரு ஸ்க்ரூபிள் மட்டும் என்று வைத்தால் அரைமணியில் ஏறக்குறைய மூன்றரைப் பவுண்டு பெருந்தமனிக்குள் செல்லும். உடலின் மொத்தக் குருதியோ நான்கு பவுண்டுக்கு மேற்படாது, அதை ஆட்டில் தாமே சோதித்தறிந்ததாகவும் எழுதுகிறார். மூன்றரை நான்கைவிடக் குறைவு. இவ்விரு எண்களையும் அடுத்தடுத்து அச்சில் வைத்தவருக்கு அது தெரியாதா? வெளியீட்டுக்குக் கீழெல்லை, மொத்தக் குருதிக்கு மேலெல்லை என்று இரண்டு பக்கமும் தமக்கே பாதகமாக எல்லை வகுத்திருக்கிறார். எதிராளிக்கு இவ்வளவு விட்டுக்கொடுத்த பிறகும் வாதம் நிற்குமா என்பதே அவருடைய சோதனை.

நிற்கிறது. ஏனெனில் அடுத்தே அவர் காலவரம்பைத் தளர்த்துகிறார்: அரைமணி வேண்டாம், ஒரு மணியாகட்டும், ஒரு நாளே ஆகட்டும், உண்ணும் உணவு தரக்கூடியதைவிட மிகுந்த குருதி இதயத்தைக் கடக்கிறது. ஹார்வி எதிர்த்த கேலன் மரபில் குருதி ஈரலில் உணவிலிருந்து உண்டாகி உறுப்புகளில் செலவாகிவிடும். ஒரு டிராம் கணக்கிலேயே நாளொன்றுக்கு 187 கிலோ வருகிறது. அவ்வளவு உணவை எவரும் உண்பதில்லை. ஆகவே வாதத்தின் உண்மையான எதிர்த்தட்டு உணவு. மொத்தக் குருதியுடனான ஒப்பீடு அதற்குத் துணை மட்டுமே. மறுப்பாளர்கள் துணையைத் தாக்கிவிட்டு மூலத்தைத் தொடாமல் போகிறார்கள்.

கணக்கு வெறும் அலங்காரம் அல்ல என்பதற்குப் பாரிஸின் உடற்கூற்றியலாளர் ழான் ரியோலான் சான்று. சுழற்சியை முற்றாக மறுக்காமல், அதை மெதுவானதாகவும் பெருங்குழாய்களுக்குள் அடங்கியதாகவும் சுருக்கவே அவர் முயன்றார். 1649இல் ஹார்வி அவருக்கு விடையெழுத வேண்டியிருந்தது. வேகம் பற்றிய கணக்கு வெறும் அலங்காரமாக இருந்திருந்தால், வேகத்தைக் குறைத்துத் தப்ப ஒருவர் முயன்றிருக்க மாட்டார்.

தமனியிலிருந்து நாளத்துக்குச் செல்லும் வழியை ஹார்வி காணவில்லை என்பது இங்கே பொருந்தாத ஆட்சேபம். அந்த வழியான தந்துகிகளை மால்பீகி 1661இல் காட்டினார். வழி கண்ணுக்குத் தெரியாத காலத்திலும் அளவு வாதம் செல்லும். எட்டாம் இயலின் அரிஸ்டாட்டில் சாயலுள்ள வட்ட உவமைகள் அவருடைய எண்ணம் எங்கிருந்து பிறந்தது என்று சொல்லலாம். அது ஏன் ஏற்கத்தக்கது என்று சொல்லா.

வால்வும் கட்டும் குருதி செல்லும் திசையைக் காட்டின. அது திரும்பி வந்தே ஆகவேண்டும் என்று நிறுவியது ஒன்பதாம் இயலின் கணக்கு. அதை அளவீடாக மதிப்பிட்டுத் தள்ளிய வாசிப்பைக் கைவிட வேண்டும்.