செய்திப் பாதையும் அளவும்

நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடியாக விளங்கிய காலத்தில், மணிகள் கோத்த கோலைக் கையிலேந்தி அஞ்சலோட்டக்காரர் ஓடிவரும் ஓசை கேட்டதும், பாதையில் செல்வோர் எத்தகையவராயினும் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது ராஜாங்க விதியாக இருந்தது. ஆதியில் அரசாங்கக் காரியங்களுக்கே உரியதாயிருந்த அந்த அஞ்சல், பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் குடிகளின் கடிதங்களையும் ஏற்றுக்கொண்டு, பின்னர் 1951-இல் இந்தியத் தபால் இலாகாவோடு கலந்தது. யாருடைய செய்தி போகலாம், எது முதலில் போக வேண்டும் என்னும் நிர்ணயமின்றி எந்தச் செய்திப் பாதையும் நடந்ததில்லை என்பதற்கு அதுவே இம்மண்ணின் பழைய சாட்சி.

அந்த நிர்ணயம் நம் காலத்தில் செல்போன் கம்பெனிகளில் செய்திகள் நுழையும் வாயிலான கேட்வே இயந்திரங்களில் எழுதப்படுகிறது. 1992 டிசம்பர் 3-ஆம் தேதி இங்கிலாந்தில் முதல் எஸ்.எம்.எஸ். போயிற்று. ஆங்கிலத்தில் 160, தமிழில் 70 குறிகளே கொள்ளும் அச்சிறு செய்திக்குத் தனிப்பாதை வகுக்கப்படாமல், அழைப்பு வருவதை அறிவிக்கும் சமிக்ஞைப் பாதையிலேயே இடம் கொடுக்கப்பட்டதால், செய்திகள் கட்டுக்கடங்காமல் பெருகினால் பேச்சே தடைப்படும் அபாயம் பிறவியிலேயே அதனுடன் சேர்ந்திருந்தது. ஆகவே, பாங்குகளும் வியாபாரிகளும் மொத்தமாக அனுப்பும் செய்திகளுக்கு வினாடிக்கு இத்தனை என்று இணைப்புதோறும் ஓர் உச்சவரம்பு விதிக்கிறார்கள். வரம்பு மீறி வருவதை ஒரு மறுப்புக் குறியீட்டோடு கேட்வே திருப்பிவிட, அனுப்பிய இயந்திரம் சற்றுப் பொறுத்து மீண்டும் முயல்கிறது. தீபாவளி, புத்தாண்டு நாட்களில் சலுகை எஸ்.எம்.எஸ். பேக் செல்லாது என்று கம்பெனிகள் முன்பு அறிவித்து வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கடைமடை வரை சேர வேண்டுமானால் தலைமடையில் அளவு பார்த்துத் திறக்க வேண்டும் என்பதை அறிந்த நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு, இயந்திரத்துக்கு இட்ட இந்த அளவின் நியாயத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மனிதருக்கு இட்ட அளவின் கதையோ அவ்வளவு நேரானதன்று. விளம்பரத் தொல்லையை ஒழிக்கும் நோக்கத்தோடு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2011 செப்டம்பர் 27 முதல் ஒரு சிம்முக்கு நாளொன்றுக்கு 100 செய்தி என்று வரம்பு கட்டி, சில வாரங்களில் அதை 200 ஆக்கிற்று. 2012 ஜூலையில் டெல்லி உயர்நீதிமன்றம் அவ்வரம்பை ரத்து செய்தது. அடுத்த மாதமே, வதந்திக்கு அஞ்சி வடகிழக்கு மாநிலத்தார் பெங்களூர் முதலிய நகரங்களிலிருந்து கூட்டங்கூட்டமாக வெளியேறியபோது, மத்திய அரசு நாளுக்கு ஐந்து செய்தி என்று சில நாட்களுக்குச் சுருக்கிற்று. வதந்தியைத் தடுக்கப் பிறந்த அந்த ஆணை, தான் க்ஷேமமாக இருப்பதை வீட்டாருக்குத் தெரிவிக்க விரும்பியவனையும் ஒருசேரக் கட்டிப்போட்டது. செய்தியின் அவசரத்தைப் பாராமல் எண்ணிக்கையை மட்டுமே பார்த்த அதன் குறை அது.

அவசரம் என்பது என்னவென்று குமரி மாவட்டம் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் கண்டது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களின் மீனவர்கள் எந்த டவரின் அலையும் எட்டாத ஆழ்கடலில் இருந்தார்கள். கரையிலோ மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, செல்போன்கள் பிரயோஜனமற்றுப் போயின. புயலுக்கு முன்பே கரையிலுள்ளோரை எச்சரிக்க ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியே செய்தி அனுப்புவதாயின், வினாடிக்கு 100 என்னும் வரம்பில் ஒரு லட்சம் பேருக்கு எச்சரிக்கை சேர்வதற்குப் பதினாறு நிமிஷங்களுக்கு மேல் ஆகும். டவர் ஒரே முறை ஒலிபரப்ப, அதன் எல்லையிலுள்ள போன்கள் யாவும் ஏககாலத்தில் பெறும் செல் பிராட்காஸ்ட் முறையில் அந்தக் காத்திருப்பே இல்லை. அம்முறை 2023-இல் தமிழ்நாட்டிலும் பரீட்சிக்கப்பட்டது. ஆனால் ஆழ்கடலுக்கு அதுவும் எட்டாது. அங்கே செயற்கைக்கோள்தான் கதி, இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள்கள் வழியே எச்சரிக்கை பெறும் கருவிகளும் உண்டாகிவிட்டன. குமரிக் கடற்கரையிலிருந்து பல நாள் தங்கலுக்குப் புறப்படும் ஒவ்வொரு விசைப்படகிலும் அப்படியொரு கருவி இருக்குமாறு அரசாங்கம் செய்ய வேண்டும். அது இல்லாமல் ஆழ்கடல் ஏக வேண்டாம் என்று மீனவ சகோதரர்களையும் வேண்டிக்கொள்கிறேன்.