மலையில்லாத ஊரில் மவுண்டன் பைக்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

போன வாரம் எதிர்வீட்டுப் பையன் புது சைக்கிளோடு வாசலில் வந்து நின்றான். ஏழாம் வகுப்பு படிக்கிறான். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், கியர் வேறு. "தாத்தா, இது மவுண்டன் பைக்!" என்றான்.

"சரிடா, நம்ம பட்டினச்சேரியில மலை எங்க இருக்கு?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "ஆத்துப் பாலம் இருக்குல்ல தாத்தா, அதுல ஏறுனா மூச்சு வாங்குதே!"

சிரித்துவிட்டேன். ஆனால் வரலாறு சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு இந்தக் கேள்வி லேசில் விடவில்லை. இந்த வண்டி எங்கே பிறந்தது? நம் ஊர் மண்ணில் இதற்கு என்ன வேலை? தேடிப் படித்ததையும் நானே பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரின் என்று ஒரு மாவட்டம். அங்கே டமால்பைஸ் என்ற மலை, ஏறக்குறைய 780 மீட்டர் உயரம். 1970-களில் அங்கிருந்த சில இளைஞர்கள் பழைய இரும்புக் கடையிலிருந்து 1930-40-களில் செய்த ஷ்வின் சைக்கிள்களை எடுத்து வந்து மண்பாதையில் உருட்டிவிட்டார்கள். கனமான வண்டி, பருத்த டயர். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். 1976 அக்டோபர் 21 அன்று முதல் பந்தயம் நடந்தது. மூன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் 400 மீட்டர் இறக்கம்! கீழே வந்து சேர்வதற்குள் பிரேக் சூடேறி உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த சுற்று. அதனாலேயே அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. அந்தக் கூட்டத்தில் இருந்த ஜோ பிரீஸ் 1977-இல் இதற்கென்றே தனிச் சட்டம் செய்தார். கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979-இல் கடை போட்டார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டியாகவே ஆகிவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அவர்கள் புது வண்டியைக் கண்டுபிடித்துவிட்டுப் பாதையைத் தேடவில்லை. பாதை முதலில் இருந்தது. வண்டி, கிராமத்து வேலைக்கும் பேப்பர் போடுவதற்கும் ஓடிய பழைய கனத்த வண்டிதான்.

அப்படிப் பார்த்தால் நம் அப்பா, தாத்தா காலத்து ஆட்களும் அதைத்தானே ஓட்டினார்கள்? 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், பின்னால் கேரியர், அதில் ஒரு மூட்டை நெல் அல்லது ஒரு மீன் பெட்டி. 1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் வண்டி ஊருக்கு ஊர் வந்தது. தார்ச் சாலை பிறகுதான் வந்தது. அதுவரைக்கும் எல்லா சைக்கிளும் மண்பாதை சைக்கிள்தான்.

நம் காரைக்கால் பகுதி மொத்தம் சுமார் 160 சதுர கிலோமீட்டர். அதற்குள் நண்டலாறு, வாஞ்சியாறு, நூலாறு, அரசலாறு, திருமலைராஜனாறு என்று இத்தனை ஆறுகள். எல்லாம் காவிரியின் கைகள். எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே கடலுக்கு ஓடுகின்றன. பெரிய சாலையோ வடக்கு தெற்காகப் போகிறது. ஆகவே கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போக இயற்கையாக அமைந்த வழி ஆற்றங்கரைதான். இருபுறமும் மேடு கட்டிய கரை. வயலைவிட உயரம். வெள்ளத்திலும் தலை தெரியும். ஊர்க்காரர்கள் கூடி வாய்க்காலையும் கரையையும் பராமரித்த குடிமராமத்து நடந்த வரையில் அந்தக் கரை வெறும் மண்மேடாக இல்லை, ஊரின் சாலையாகவும் இருந்தது.

அந்தப் பாதைக்குப் பருவமும் உண்டு. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தபின், ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல் என்பது வழக்கம். நாம் கடைமடை. தண்ணீர் இங்கே வந்துசேரப் பல நாள் ஆகும். மாசி, பங்குனியில் ஆறு வற்றிவிட்டால் ஆற்று மணலையே குறுக்கே கடந்து அக்கரைக்குப் போய்விடலாம். மணலில் சக்கரம் புதைந்தால் காற்றைக் கொஞ்சம் இறக்குவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் களிமண் மட்கார்டில் அடைத்துக்கொள்ளும். சக்கரம் சுற்றாது. குச்சியால் நோண்டி நோண்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். மட்கார்டையே கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பையன் காட்டிய மவுண்டன் பைக்கிலும் மட்கார்டு இல்லை!

இந்தப் பாதைகளுக்கு நடுவே ஒரு காலத்தில் சர்வதேச எல்லை ஓடியது என்றால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். 1739 முதல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில். மூன்று பக்கமும் ஆங்கிலேயர் ஆட்சி, கிழக்கே மட்டும் கடல். 1941-இல் போட்ட சுங்க ஒப்பந்தம் 1949-இல் முடிவுக்கு வந்ததும் எல்லையில் சாவடிகளும் சோதனைகளும் வந்தன. பட்டினச்சேரியிலிருந்து திருமருகலில் உள்ள சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போனார்! சாலையில் சாவடி உண்டு. ஒற்றையடிப் பாதைக்கெல்லாம் யார் காவல் போட முடியும்? 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. கோடு போனது. பாதை அப்படியே இருந்தது.

அந்தக் கோட்டைவிடப் பழைய வழி ஒன்றும் நமக்கு உண்டு. மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு நம் கடற்கரைக்கு வருவதுதான் அது. பத்மினித் தாயார் மீனவர் குலத்துப் பெண் என்பது ஐதீகம். அதனால் அவர் நமக்கு மாப்பிள்ளை. பட்டினச்சேரிக்காரர்கள் எதிர்கொண்டு தோளில் சுமந்து வருவதை நான் விவரிக்க வேண்டியதில்லை, நீங்கள் எல்லோரும் சுமந்தவர்கள், அல்லது பார்த்தவர்கள். நான் கவனிக்கச் சொல்வது வழியை. திருக்கண்ணபுரம், பக்கத்தில் முடிகொண்டான் ஆற்றங்கரையில் அப்பர் முக்தியடைந்த திருப்புகலூர், சிறுத்தொண்டரின் திருச்செங்காட்டங்குடி, சம்பந்தர் பாடிய திருமருகல், பிறகு நம் கடல். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இத்தனை ஊர். தேவார மூவர் காலத்திலிருந்து மனிதக் கால் பட்ட வழி. இதைவிட நல்ல சைக்கிள் பாதையை எந்த நாட்டில் போய்த் தேடுவது?

கடல் கடந்தும் ஒரு கதை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி நம்மவர்கள் மலாயாவுக்குப் போனது தெரியும். அங்கே 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பான் படை இறங்கியது. ஆங்கிலேயர் பின்வாங்கும்போது பாலங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஜப்பானியச் சிப்பாய்கள் சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கி ஆற்றைக் கடந்தார்கள். ரப்பர் தோட்டத்துப் பாதைகளில் மிதித்தார்கள். டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவில் அந்தச் சத்தம் டாங்கி வருவதுபோல் கேட்டதாம். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. அதே தோட்டத்துப் பாதைகளில்தான் நம் தமிழ்க் கூலிகள் தினமும் பால் வெட்ட நடந்தார்கள். ஒரே பாதை ஒருவருக்குச் சோறு, இன்னொருவருக்குப் படையெடுப்பு.

ஆனால் சைக்கிள் வரலாற்றில் என் மனதில் முதலிடம் புதுக்கோட்டைக்குத்தான். 1991-இல் அறிவொளி இயக்கம் அங்கே தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். படிப்பு சொல்லிக்கொடுக்கப் போகிற பெண்கள் ஊர் விட்டு ஊர் போக வேண்டும். பஸ் கிடையாது. சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் ஓட்டும் வண்டியையே வாங்கினார்கள். அதில் ஒரு வசதியும் உண்டு, முன் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம். கல்குவாரியில் வேலை செய்த பெண்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். மிதித்தது எல்லாம் வெயில் காயும் செம்மண் பாதை. அதற்குப் பத்து ஆண்டு கழித்து, 2001-02-இல், தமிழ்நாட்டு அரசு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பிறகு எல்லோருக்கும் விரிவாக்கியது.

என் வகுப்பிலும் இந்த மாற்றத்தைப் பார்த்தேன். எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிற பெண்பிள்ளைகள் சைக்கிள் வந்தபின் நிற்கவில்லை. ஆற்றங்கரை வழியாக நாலைந்து பேர் சேர்ந்து பேசிக்கொண்டே வருவார்கள். தாமதமாக வந்தால் "சார், கரையில சேறு" என்பார்கள். நான் நம்பிவிடுவேன். பாவாடை ஓரமே சாட்சி சொல்லும்.

இப்போது அந்தக் கரையில் போய்ப் பாருங்கள். பல இடத்தில் சீமைக்கருவேலம் இருபுறமும் வளர்ந்து வழியை மூடிவிட்டது. முள் குத்தாமல் ஒரு சக்கரம் போக முடியாது. பிள்ளைகளுக்கு மிச்சம் இருப்பது நெடுஞ்சாலை. 2009-இல் துறைமுகம் வந்தது, வேலை கிடைத்தது, நல்லதுதான். லாரிகளும் வந்தன. அந்த லாரிகளுக்கு நடுவே ஏழாம் வகுப்புப் பையன் ஓட்டுகிறான். ஒவ்வொரு சாயங்காலமும் அவன் அம்மா வாசலில் நின்று பார்ப்பதை நானும் பார்க்கிறேன்.

நீலகிரியில் 2008-இலிருந்து ஆண்டுதோறும் சைக்கிள் பயணம் நடக்கிறது. முதுமலைக் காட்டுச் சாலை, மசினகுடி, 36 கொண்டை ஊசி வளைவு உள்ள கல்லட்டி ஏற்றம் என்று எங்கெங்கிருந்தோ வந்து ஓட்டுகிறார்கள். அங்கே சாலையை விட்டு இறங்கிக் காட்டுக்குள் போக முடியாது. அது புலிக்கும் யானைக்கும் உரிய இடம், அனுமதி வேண்டும். அது சரியும்கூட. நம் ஆற்றங்கரைக்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? யாரிடமும் வேண்டாம். நடமாட்டம் இருந்தவரை அது பாதையாக இருந்தது. நாம் மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் விட்டோம். முள் வந்து எடுத்துக்கொண்டது. யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் ஸ்கூட்டர் வாங்கியவன்தான்.

அந்தப் பையனிடம் ஒன்று சொல்லியிருக்கிறேன். வருகிற ஞாயிறு காலை ஐந்தரைக்கு, வெயில் ஏறுவதற்குள், கரை வழியாக எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று இருவரும் பார்க்கப்போகிறோம். அவன் மவுண்டன் பைக்கில், நான் என் பழைய ஹெர்குலிஸில். கேரியரில் ஒரு அரிவாள் இருக்கும். திருக்கண்ணபுரம் வரை போவோம் என்று சொல்லவில்லை. முதல் முள் புதர் வரை போவோம், அதை வெட்டுவோம். அடுத்த ஞாயிறு அடுத்த புதர்.

என் பழைய மாணவர்கள் யாராவது ஊரில் இருந்தால் வாருங்கள். வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்கள், நீங்கள் பள்ளிக்கு எந்தக் கரை வழியாக வந்தீர்கள், எந்த இடத்தில் ஆற்றைக் கடந்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். எங்கே வெட்டத் தொடங்குவது என்று தெரிந்துகொள்ள அது உதவும்.