பல் பிடுங்கிய வரலாறும் நோயாளியின் கடமையும்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பழமொழி. அவற்றோடு பல்வலியையும் சேர்த்துக் கூறலாம். வலி பொறுக்க மாட்டாமல் இரவு முழுவதும் கன்னத்தைக் கையில் ஏந்தி உட்கார்ந்திருப்பவர்கூட, பொழுது விடிந்ததும் பல் மருத்துவரிடம் செல்லத் தயங்குகிறார். வலி சற்றுத் தணிந்துவிட்டால், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார். நோயைவிட மருத்துவத்துக்கு அதிகமாக அஞ்சும் இம்மனநிலையைக் கோழைத்தனம் என்று இகழ்ந்துவிட முடியாது. பல நூற்றாண்டுகளாக மக்கள் பட்ட துன்பத்தின் நினைவே அது.

பல் எடுத்த பின் நோயாளியின் கையில் ஒரு சிறு அறிவுரைத் தாளைத் தருவது மருத்துவமனைகளில் வழக்கம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, அத்தகைய தாள் ஒன்றைத் தமிழாக்கும் பணி ஒருமுறை வாய்த்தது. பஞ்சைக் கடித்துக்கொண்டிருக்கவும், வாய் கொப்பளிக்க வேண்டாம், புகை பிடிக்க வேண்டாம் என்று பத்துப் பன்னிரண்டு வரிகள், அவ்வளவே. சொற்களைத் தேடும்போது அவற்றின் வரலாற்றையும் சிறிது தேட நேர்ந்தது. அப்போதுதான், அந்த வரிகள் எளிதில் கிடைத்தவை அல்ல என்பதும், மருத்துவர்களும் நோயாளிகளும் கொடுத்த விலை அவற்றின் பின்னே நிற்கிறது என்பதும் எனக்கு விளங்கின.

நம் நாட்டிலிருந்தே தொடங்குவோம். சுசுருத சம்ஹிதையில் கூறப்படும் 20 வகைக் கூரிய கருவிகளுள் பல்லுக்கென்றே அமைந்த தந்தசங்கு என்பதும் ஒன்று. ஈற்றில் புரையோடிச் சீழ் வழியும் நிலையை அந்நூல் விவரிக்கிறது. அவ்வாறு புரையோடிய பல்லை அலட்சியம் செய்தால் நோய் தாடை எலும்பையே துளைத்துவிடும். ஆதலின் பல்லை வேரோடு நீக்க வேண்டும் என்கிறது. ஆனால் உடனே ஒரு விலக்கும் கூறுகிறது. மேல்வாய்ப் பல்லை, அது ஆடிக்கொண்டிருந்தாலும், எடுக்கலாகாது. எடுத்தால் குருதி மிகுதியாகப் பெருகும், பார்வை இழப்பும் முகவாதமும் நேரலாம் என்பது அதன் எச்சரிக்கை. இன்று மேல்வாய்ப் பல்லையும் அச்சமின்றி எடுக்கிறார்கள். எனினும், பல் எடுப்பதில் முதல் ஆபத்து குருதிப்பெருக்கே என்பதை அப்பண்டைய ஆசிரியர் கண்டுகொண்டார் என்பது கருதத்தக்கது. அதை நிறுத்தும் வழி உறுதிப்படாத காலத்தில், செய்யாதே என்று சொல்வதே அறிவுடைமை.

கி.பி. 1000 அளவில், ஸ்பெயின் நாட்டுக் கார்டோவா நகரில் அல் சஹ்ராவி என்னும் அரபு மருத்துவர் வாழ்ந்தார். அவர் இயற்றிய பெருநூல் 30 பகுதிகளை உடையது. அதன் இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. பல்லை எடுக்க விரையாதீர், வேறு மருந்துகள் அனைத்தையும் முதலில் முயன்று பாருங்கள் என்று அதில் அவர் அறிவுறுத்துகிறார். மற்றொரு நுட்பத்தையும் கூறுகிறார். வலி நோயாளியை ஏமாற்றிவிடும். நோயுற்ற பல் ஒன்றிருக்க, நலமான பல்லை அவர் சுட்டிக்காட்டுவார். அதைப் பிடுங்கிய பின்னும் வலி நிற்காது. ஆகவே நோயுற்ற பல் எது என்று உறுதி செய்த பிறகே கருவியை எடுக்க வேண்டும். எடுக்கும்போதும் ஈற்றைச் சுற்றி விலக்கி, பல்லைச் சிறிது சிறிதாக அசைத்துத் தளர்த்திய பின்னரே குறட்டால் பற்ற வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் டொலேடோ நகரில் கெரார்டு என்னும் அறிஞர் இப்பகுதியை இலத்தீனில் பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பின் வழியாகவே ஐரோப்பிய மருத்துவர்கள் பல தலைமுறைகள் இதனைக் கற்றனர்.

ஆனால் நூலில் உள்ள அறிவு தெருவுக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. ஐரோப்பாவில் பல் பிடுங்கும் தொழில் நாவிதரிடமும் சந்தைகளில் திரிந்த பல்பிடுங்கிகளிடமும் இருந்தது. பாரிஸ் நகரத்துப் புதுப்பாலத்தின் மீது மேளம் முழங்க, மக்கள் கூடி வேடிக்கை பார்க்க, பல் பிடுங்கினார்கள். கூட்டத்தை ஈர்ப்பதோடு, நோயாளியின் அலறலை அமுக்கவும் அம்முழக்கம் பயன்பட்டது.

ஏழைகள்தாம் இவ்வாறு துன்புற்றனர் என்று எண்ண வேண்டா. பிரான்சின் பேரரசர் பதினான்காம் லூயிக்கு 1685ஆம் ஆண்டில் மேல்வாய்ப் பற்களைப் பிடுங்கியபோது தாடை எலும்பின் ஒரு பகுதியும் பெயர்ந்து வந்துவிட்டது. வாய்க்கும் மூக்குக்கும் இடையே துளை விழுந்தது. அரசர் பருகும் பானம் மூக்கின் வழியே வெளிவந்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பலமுறை சுட்டே அத்துளையை மூடினார்கள். மேல் கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு மேலே, மூக்கோடு தொடர்புடைய காற்றறை ஒன்று உள்ளது. சில பற்களின் வேருக்கும் அதற்கும் இடையே இருப்பது மெல்லிய எலும்புத் தகடே. மேல் கடைவாய்ப் பல் எடுத்தவரிடம், சில நாட்கள் மூக்கைப் பலமாகச் சிந்த வேண்டாம் என்று இன்று மருத்துவர் சொல்லும்போது, அவ்வரசரின் துன்பத்தை நாம் நினைவு கூரலாம்.

1728ஆம் ஆண்டில் பியர் போஷார் என்னும் பிரெஞ்சு மருத்துவர், பல் மருத்துவத்தை மட்டுமே பொருளாகக் கொண்டு இரு தொகுதிகளில் ஒரு நூலை வெளியிட்டார். பல்லில் புழு இருப்பதே வலிக்குக் காரணம் என்று உலகெங்கும் நிலவிய நம்பிக்கையை அவர் மறுத்தார். நோயாளியைத் தரையில் உட்கார்த்தித் தலையை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொள்ளும் முறையைக் கண்டித்து, சாய்வுள்ள நாற்காலியில் அமர்த்துமாறு கூறினார். ஆயினும் அந்நூற்றாண்டில் பரவிய கருவி, பூட்டைத் திறப்பதுபோல் திருகிப் பல்லை எடுக்கும் சாவிதான். அது பல்லோடு ஈற்றையும், சில வேளைகளில் தாடை எலும்பையும் உடைத்தது. 1841ஆம் ஆண்டில் ஜான் டோம்ஸ் என்னும் ஆங்கிலேயர், ஒவ்வொரு வகைப் பல்லின் கழுத்துக்கும் பொருந்தும்படி தனித்தனிக் குறடுகளை வடிவமைத்தார். அதன் பின்னரே சாவி மெல்ல மறைந்தது.

கருவி திருந்திய பின்னும் வலி எஞ்சியிருந்தது. அதனை வென்றவர் ஒரு பல் மருத்துவர். அமெரிக்காவில் ஹார்ட்போர்டு என்னும் ஊரில் வாழ்ந்த ஹோரஸ் வெல்ஸ், 1844 டிசம்பர் 10ஆம் நாள் ஒரு வேடிக்கைக் காட்சிக்குச் சென்றார். சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடை உட்கொண்டவர்கள் மேடையில் ஆடியும் பாடியும் குதித்தார்கள். அவர்களுள் ஒருவர் காலில் காயம்பட்டுக் குருதி கசிந்தும் அதனை உணரவில்லை. கூட்டம் சிரித்தது, வெல்ஸ் சிந்தித்தார். மறுநாளே அவ்வாயுவைத் தாம் சுவாசித்து, தம் கடைவாய்ப் பல் ஒன்றை நண்பரான ரிக்ஸ் என்பவரைக் கொண்டு எடுக்கச் செய்தார். வலி தெரியவில்லை.

அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரில் மாணவர் முன்னிலையில் அதனைச் செய்துகாட்டினார். வாயுப்பையை உரிய நேரத்துக்கு முன்னரே எடுத்துவிட்டதால் நோயாளி கத்திவிட்டார். இது ஏமாற்று என்று அவை ஏளனம் செய்தது. அவரோடு முன்பு கூட்டாகத் தொழில் நடத்திய வில்லியம் மார்ட்டன், 1846 செப்டம்பர் 30ஆம் நாள் ஈதர் கொடுத்து வலியின்றிப் பல் எடுத்தார்; அக்டோபர் 16ஆம் நாள் பாஸ்டன் மருத்துவமனையில் ஓர் அறுவைக்கு அதே ஈதரைக் கொடுத்துப் புகழ் பெற்றார். வெல்ஸோ மனம் உடைந்து, 1848 ஜனவரியில், தம் 33ஆம் வயதில் நியூயார்க் சிறையொன்றில் உயிர் துறந்தார். 1864ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் அவரது கண்டுபிடிப்பை ஏற்றுப் போற்றியபோது, கேட்டு மகிழ அவர் இல்லை.

முழு மயக்கம் இன்றி, வேண்டிய இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் வழி 1884ஆம் ஆண்டில் பிறந்தது. வியன்னாவில் கார்ல் கோலர் கொக்கெய்ன் கரைசலைக் கண்ணில் இட்டு வலியகற்றினார். அதைத் தொடர்ந்து நியூயார்க்கில் ஹால்ஸ்டெடு என்பவர் தாடை நரம்பருகே அதனை ஊசிமூலம் செலுத்தினார். அம்மருந்தைத் தம்மிடமே சோதித்த அவர் அதற்கே அடிமையாகித் துன்புற்றார். 1905ஆம் ஆண்டில் புரோக்கெய்ன் என்னும் தீங்கு குறைந்த மருந்து வழக்குக்கு வந்தது. 1943ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு லோப்கிரென் லிக்னோக்கெய்னை உருவாக்கினார். இன்று நம் ஈற்றில் இடும் ஊசியில் பெரும்பாலும் இருப்பது அதுவே.

நம் நாட்டிலும் சந்தை வைத்தியம் நெடுங்காலம் நிலைத்தது. பல் மருத்துவத்தை முறையான கல்வியாக்க முன்வந்தவர் டாக்டர் இரபியுத்தீன் அகமது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய அவர், 1920ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். பின்னர் 1948ஆம் ஆண்டில் பல் மருத்துவர் சட்டம் இயற்றப்பட்டுப் பதிவுமுறை ஏற்பட்டது. ஆயினும் நகர நடைபாதைகளில் துணி விரித்துப் பல் பிடுங்குவோர் இன்றும் முற்றும் மறைந்துவிடவில்லை. கொதிநீராவியில் தூய்மை செய்யப்படாத கருவி, ஒருவர் குருதியிலுள்ள காமாலைக் கிருமியை மற்றொருவருக்குக் கொண்டுசெல்லக்கூடும். குறைந்த கூலிக்கு ஆசைப்பட்டு உயிரையே பணயம் வைப்பது தகாது.

இனி நோயாளியின் கடமைக்கு வருவோம். முதலில், இப்பல்லைக் காப்பாற்ற இயலாதா என்று கேட்க வேண்டும். அல் சஹ்ராவி சொன்னதும் அதுவே. வேர்க்குழலைத் தூய்மை செய்து அடைத்துப் பல்லை நிறுத்திக்கொள்ளும் சிகிச்சை இன்று உண்டு. எடுத்தே ஆக வேண்டுமென்றால், எக்ஸ்-கதிர் படம் எடுக்க உடன்பட வேண்டும். வேர் வளைந்துள்ளதா, கீழ்த்தாடை நரம்பை அடுத்துள்ளதா என்பது வெளியே பார்த்தால் தெரியாது.

இரண்டாவது, தமக்குள்ள நோய்களையும் உண்ணும் மருந்துகளையும் மறையாமல் கூற வேண்டும். நீரிழிவு, இருதய நோய், மருந்து ஒவ்வாமை, கருவுற்றிருத்தல் ஆகியவை மருத்துவர் அறிய வேண்டியவை. ஆஸ்பிரின், வார்பரின் போன்று குருதி உறைதலைக் குறைக்கும் மருந்துகளைத் தாமாகவே நிறுத்திவிடுவது ஆபத்து. அதனை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். எலும்பு மெலிவுக்குத் தரும் சில மருந்துகள் தாடைப் புண் ஆறுவதைத் தடுக்கக்கூடும் என்பது 2003ஆம் ஆண்டு முதல் தெரியவந்துள்ளது. அவற்றையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நாற்காலியில் அமர்ந்தபின் என்ன நேரும் என்பதை அறிந்திருக்க வேண்டும். மரப்பு ஊசி வலியைப் போக்கும், அழுத்தத்தைப் போக்காது. மருத்துவர் அழுத்துவதும் அசைப்பதும் தெரியும். நெறிபடும் ஒலியும் கேட்கும். அவற்றை வலியென்று எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. உண்மையில் வலித்தால் கையை உயர்த்திக் கூறலாம். மீண்டும் மருந்து செலுத்துவார்கள். பிடுங்குதல் என்னும் சொல்லே இங்குப் பொருத்தமற்றது. பல்லை எலும்போடு பிணைக்கும் நார்களை அறுத்து, பற்குழியை மெல்ல விரித்து, பல்லைத் தளர்த்தி எடுப்பதே முறை. சீழ் கட்டிய இடத்தில் மரப்பு மருந்து நன்கு வேலை செய்யாது. ஆதலால் முகம் வீங்கும்வரை காத்திருப்பது வலியைத் தாமே தேடிக்கொள்வதாகும்.

இறுதியாக அந்த அறிவுரைத் தாள். பல் எடுத்த குழியில் குருதி நிறைந்து உறைகிறது. அவ்வுறைவே புண்ணுக்கு இயற்கை இடும் கட்டு. பஞ்சை அரைமணி நேரம் அழுத்திக் கடிப்பது அது உருவாவதற்காக. 24 மணி நேரம் கொப்பளிக்காமலும், காறித் துப்பாமலும், உறிஞ்சு குழலால் பருகாமலும், புகையிலையும் மதுவும் தொடாமலும் இருப்பது அது பெயராமல் இருப்பதற்காக. உறைவு பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளிப்பட்டு, இரண்டு மூன்று நாட்களுக்குப் பின் காதுவரை பாயும் கடும் வலி தோன்றும். 1896ஆம் ஆண்டில் கிராபோர்டு என்னும் மருத்துவர் இதற்கு உலர்குழி என்று பொருள்படும் பெயரிட்டார். மருத்துவரிடம் மீண்டும் சென்றால் இதற்கு எளிய பரிகாரம் உண்டு.

முதல் நாள் உணவு மென்மையாகவும் சூடு குறைந்தும் இருக்கட்டும். மரப்பு நீங்கும்வரை குழந்தைகள் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். மறுநாள் முதல் இளஞ்சூடான உப்பு நீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம். ஆஸ்பிரின் மாத்திரையை ஈற்றில் வைத்து அடக்கும் பழக்கம் ஈற்றைச் சுட்டுவிடும். அதனைக் கைவிட வேண்டும். குருதி கசிந்தால் தூய துணியை மடித்து மீண்டும் அரைமணி நேரம் கடிக்க வேண்டும். அப்போதும் நில்லாவிட்டாலும், காய்ச்சலோ பெருகும் வீக்கமோ கண்டாலும், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ கடினமானாலும் தாமதமின்றி மருத்துவமனை செல்ல வேண்டும்.

குருதிப்பெருக்குக்கு அஞ்சி மேல்வாய்ப் பல்லைத் தொடாதே என்றது சுசுருதரின் நூல். இன்று அப்பெருக்கைப் பெரும்பாலும் ஒரு துண்டுப் பஞ்சும் நோயாளியின் பொறுமையும் நிறுத்திவிடுகின்றன. பேரரசருக்கும் கிட்டாத அந்த நலம் நம் அனைவருக்கும் கிட்டியிருக்கிறது. அச்சத்தால் காலம் தாழ்த்தியோ, அலட்சியத்தால் தாளைக் கசக்கி எறிந்தோ அதனை இழந்துவிடாதிருப்பதே நம் கடமை.