வளைக்குள் அனுப்பப்பட்ட நாய்

2021 மழைக்காலத்தில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அக்கா போன் செய்தாள். “டேய், லட்டு பின்னங்கால இழுத்துக்கிட்டு வருதுடா. எந்திரிக்கவே முடியல.” லட்டு அவள் வீட்டு டேஷண்ட். அப்போது அதற்கு ஐந்து வயது. முந்தின ராத்திரி வரைக்கும் சோபாவில் ஏறி இறங்கி வாட்ச்மேனைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்த ஜீவன்.

முதலில் போன கிளினிக்கில் கால்சியம் குறைவு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் அதிலேயே போய்விட்டது. மூன்றாம் நாள் இன்னொரு டாக்டர் லட்டுவின் பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்திப் பிடித்தார். லட்டு தலையைத் திருப்பி அவர் கையைக் கடிக்கப் போனது. அக்கா பதறினாள். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். “வலி மூளைக்குப் போகுதும்மா. பொழச்சுக்கும்” என்றார். முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றும், இந்த நாய்களுக்கு இது சகஜம் என்றும் சொன்னார். சகஜம் என்ற அந்தச் சொல் என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. நாலைந்து டேஷண்டில் ஒன்றுக்கு வரும் நோய் எப்படி சகஜம் ஆனது? அதைத் தேடப் போய்த்தான் முந்நூறு வருஷம் பின்னால் போக வேண்டியதாயிற்று.

ஜெர்மன் மொழியில் ‘டாக்ஸ்’ என்றால் பேட்ஜர். பத்துக் கிலோவுக்கு மேல்கூடப் போகும் எடையும் நீண்ட நகங்களும் உள்ள பிராணி, மண்ணுக்கடியில் கிளைகிளையாக வளை தோண்டி வாழும். ‘ஹுண்ட்’ என்றால் நாய். சொந்த ஊரில் இந்த முழுப் பெயரை அதிகம் யாரும் சொல்வதில்லை. வீட்டுக்காரர்களுக்கு அது டாக்கல், வேட்டைக்காரர்களுக்கு டெக்கல். 1719-இல் ஃப்ளெமிங் எழுதிய ஜெர்மானிய வேட்டை நூலிலேயே வளைக்குள் நுழையும் இந்தக் குட்டை நாய் வந்துவிடுகிறது.

அந்த நாயின் வேலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எஜமான் வெளிச்சத்தில் நிற்கிறார். நாய் இருட்டுக்குள் தனியாகப் போகிறது. உள்ளே தன் எடையுள்ள, தன்னைவிடப் பெரிய நகமுள்ள ஒரு பிராணி. அதை ஒரு மூலையில் மடக்கி நிறுத்தி விடாமல் குரைக்க வேண்டும். மேலே இருப்பவர்கள் காதைத் தரையில் வைத்து அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எங்கே தோண்டுவது என்று முடிவு செய்வார்கள். குரைப்பதை நிறுத்தினால் வேட்டை போச்சு. உள்ளே ஆணை கேட்கவும் ஆள் இல்லை, எல்லா முடிவையும் நாயே எடுக்க வேண்டும்.

இப்போது டேஷண்ட் வைத்திருப்பவர்களின் புலம்பலைக் கேளுங்கள். ஓயாமல் குரைக்கிறது, கூப்பிட்டால் வருவதில்லை, தொட்டியைத் தோண்டுகிறது, புது ஆளைக் கண்டால் கடிக்கப் போகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2008-இல் வெளியான ஒரு ஆய்வில், அந்நியர்களிடம் மட்டுமில்லை, சொந்த வீட்டாரிடமே சீறும் இனங்களின் பட்டியலில் டேஷண்ட் முன்வரிசையில் இருந்தது. ராட்வைலரைப் பார்த்தால் ரோட்டைத் தாண்டிப் போகும் நாம் இதைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறோம்! எங்கள் தொழிலில் ஒரு பழைய வசனம் உண்டு, ‘இது பக் இல்ல, ஃபீச்சர்’ என்று. பெரும்பாலும் சமாளிப்பதற்காகச் சொல்வது. லட்டு விஷயத்தில் அது நிஜம். வேலை போய்விட்டது, வேலைக்காக ஊட்டிய குணம் மட்டும் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் மிச்சம் இருக்கிறது.

1888-இல் பெர்லினில் டெக்கல் சங்கம் தொடங்கியது. இந்த நாய்களை ஜெர்மானியர்கள் வகை பிரிப்பது மார்புச் சுற்றளவை வைத்து. எந்த வளைக்குள் நுழையும் என்பதுதானே கணக்கு. மார்பு மிகச் சிறியதாக இருந்தால் அது முயல் டெக்கல். ஆனால் நாய் அதற்கு முன்பே காட்டைவிட்டு வரவேற்பறைக்கு வந்துவிட்டது. விக்டோரியா ராணி வளர்த்தார், இங்கிலாந்தே வளர்த்தது. வளர்ப்பவர்களுக்கு இப்போது வளை தேவையில்லை, பார்க்க நீளமாக, தாழ்வாக இருந்தால் போதும்.

பிறகு 1914. இங்கிலாந்திலும், பின்னால் அமெரிக்காவிலும், கார்ட்டூன்களில் கெய்சருக்குப் பக்கத்தில் இந்த நாயை வரைந்தார்கள். தெருவில் கண்டால் உதைத்தார்கள். சிறுவயதில் தன் ஊர்க் கடைத்தெருவில் ஒரு டேஷண்ட் கல்லடி பட்டதை கிரஹாம் கிரீன் தன் சுயசரிதையில் நினைவுகூர்கிறார். ஜெர்மனி எங்கே இருக்கிறது என்று அந்த நாய்க்கு என்ன தெரியும். கெய்சர் இரண்டாம் வில்ஹெல்ம் தோற்றுப்போய் நெதர்லாந்தின் டோர்ன் மாளிகையில் ஒதுங்கியபோது கூடவே அவருடைய டேஷண்ட் சென்டாவும் போனது. 1927-இல் அங்கேயே செத்தது. அந்தத் தோட்டத்தில் அதற்குக் கல்லறை இருக்கிறது.

1972 மியூனிக் ஒலிம்பிக்ஸில் ஜெர்மனி உலகத்துக்குச் சாதுவான முகத்தைக் காட்ட விரும்பியபோது ஓட்டல் ஐக்கரின் குழு வரைந்த சின்னம் ‘வால்டி’, வெளிர் நிறப் பட்டைகள் போட்ட டேஷண்ட். மாரத்தான் பாதையைக்கூட அதன் உருவத்திலேயே போட்டார்கள். அறுபது வருஷத்துக்குள் எதிரியின் நாய், சமாதானத்தின் நாய். இரண்டு தடவையும் அதைக் கேட்டுச் செய்யவில்லை.

இதற்கெல்லாம் நடுவில் அந்த முதுகு ஒடிந்துகொண்டேதான் இருந்தது. ஸ்வீடனில் ஹான்சன் என்ற கால்நடை மருத்துவர் 1952-இல் இதைப் பிரித்து எழுதினார். குட்டைக்கால் இனங்களில், எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்க வேண்டிய கூழ் ஒரு வயதுக்குள்ளேயே கெட்டியாக ஆரம்பித்து, சுண்ணாம்பாகிவிடுகிறது. பிறகு ஒரு நாள் வெடித்து மேலே தண்டுவடத்தில் போய் மோதுகிறது. படித்தபோது எனக்கு அந்தக் கால்சியம் ஊசிதான் ஞாபகம் வந்தது. சுண்ணாம்பு கூடிப்போன முதுகுக்குக் கால்சியம்.

காரணம் 2009-லும் 2017-லும் இரண்டு பாதியாகக் கிடைத்தது. எஃப்ஜிஎஃப்4 என்ற வளர்ச்சி ஜீனின் ஒரு நகல், என்றோ ஒரு காலத்தில், 18-ஆம் குரோமோசோமில் தவறாக வந்து ஒட்டிக்கொண்டது. கால் குட்டையானது. அதே ஜீனின் இன்னொரு நகல் 12-ஆம் குரோமோசோமில் ஒட்டியது. அதுவும் காலைக் கொஞ்சம் குறைக்கிறது, கூடவே தட்டையும் கெடுக்கிறது. காப்பி பேஸ்ட் செய்த கோடு எந்த ஃபைலில் போய் எதை உடைக்கும் என்று தெரியாமல் ரிலீஸ் பண்ணிய அனுபவம் எனக்கு உண்டு. அன்றைய வேட்டைக்காரருக்கு ஜீன் தெரியாது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். குட்டைக் கால் வேண்டும் என்று தேர்ந்தெடுத்தார், தட்டு கூடவே வந்தது. இன்று தெரிந்தும் செய்வது வேறு கணக்கு. அந்த இரண்டாவது நகல் இன்று ஏறக்குறைய எல்லா டேஷண்டிலும் இருக்கிறது, இல்லாத நாயைத் தேடி இணை சேர்ப்பது லேசில் நடக்காது. நார்டிக் நாடுகளில் இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் எக்ஸ்ரே எடுத்து, சுண்ணாம்பான தட்டுகளை எண்ணி, குறைவாக இருப்பவற்றையே இனப்பெருக்கத்துக்கு விடுகிறார்கள். ஆனால் இன்ஸ்டாகிராமில் குட்டி விற்பவரிடம் “தாய்க்கு எக்ஸ்ரே எடுத்தீங்களா” என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன், பிளாக் பண்ணிவிட்டார்.

2024-இல் ஜெர்மனியில் வதைக்கும் இனப்பெருக்கத்துக்கு எதிரான சட்ட வரைவு வந்தபோது, டாக்கலே இல்லாமல் போய்விடும் என்று நாய்ச் சங்கத்தார் கொதித்தார்கள். எந்த இனத்தையும் தடை செய்யவில்லை என்றது அமைச்சகம். நான் யார் பக்கம் என்று அக்கா கேட்டாள். முதுகு பக்கம் என்றேன். “அப்ப லட்டு பொறந்திருக்கவே கூடாதாடா?” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆறு வாரம் லட்டு கூண்டுக்குள் இருந்தது. அக்கா ராத்திரி பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தாள். நாலாவது வாரம் வால் ஆடியது, ஆறாவது வாரம் நின்றது. இப்போது பின்பக்கம் ஒரு பக்கமாகச் சாய நடக்கிறது. சோபாவுக்கு மரச் சறுக்கு ஒன்று அடித்துக் கொடுத்தேன். ஒரு நாள்கூட அதில் ஏறவில்லை, அதன் அடியில் நுழைந்து படுத்துக்கொண்டு வாட்ச்மேனைப் பார்த்துக் குரைக்கிறது.