கிறீன், சாமுவேல் பிஸ்க் (1822–1884)

அமெரிக்க மிஷன் மருத்துவர். மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான பாடநூல்களையும் உருவாக்கியவர். மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் பிறந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார்.

முதலில் ஆங்கிலத்தில்தான் வகுப்பு எடுத்தார். படித்து முடித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விட, கிராமங்களுக்கு வைத்தியர் கிடைக்கவில்லை. அதனால் 1860களில் கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். கட்டர் என்பவரின் உடற்கூற்று நூல் 1852இலேயே 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' எனத் தமிழில் வந்திருந்தது. அறுவை மருத்துவம் பற்றிய 'இரணவைத்தியம்' (1867), கிரே என்பவரின் உடற்கூற்று நூலைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' (1872) ஆகியவை பின்னர் வந்தன.

இவை தனி ஒருவர் உழைப்பல்ல. சாப்மன், டான்போர்த் போன்ற தமிழ் மாணவர்கள் மொழிபெயர்க்க, கிறீன் கைப்பிரதியைத் திருத்துவார். கலைச்சொல்லைத் தமிழில் தேடுவார். அகப்படாதபோது வடமொழி, அதுவும் உதவாவிட்டால் ஆங்கிலச் சொல்லே தமிழ் ஒலிக்கு இணங்கி வரும். 'கெமிஸ்தம்' (1875) என்ற வேதியியல் நூலின் பெயரே இதற்குச் சான்று. வடமொழிச் செறிவு இன்றைய வாசகருக்குக் கரடுமுரடாகப் படும். ஆனால் சொற்களைப் பட்டியலிட்டு, நூலுக்கு நூல் மாறாமல் ஆள அவர் காட்டிய பிடிவாதம் பிற்காலக் கலைச்சொல் குழுக்கள் பலவற்றுக்கு வாய்க்காதது.

1873இல் தாயகம் திரும்பிய பிறகும் தமிழ்க் கைப்பிரதிகளைச் செப்பனிட்டு வந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்று தம் கல்லறையில் பொறிக்கச் சொன்னார். வூஸ்டரில் அப்படியே பொறித்திருக்கிறார்கள்.